மார்கழிப் பனியும் பருவ மாறுதல் பற்றிய வாதமும்

சங்கரன்கோவில் பூச்சந்தையில் மார்கழி, தை மாதங்களில் மல்லிகையின் விலை ஏறுவது புதுமையன்று. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, இரவில் பனி இறங்கத் தொடங்கினால் செடியில் அரும்பு குறையும். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் கூடுவதால் பூவின் தேவையோ பெருகும். கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற பூ சில ஆயிரம் ரூபாய்க்கு ஏறுவதைக் கண்டு அத்தாலுக்காவில் எவரும் வியப்படைவதில்லை. ஆனால் சில வருஷங்களாக இவ்விலையேற்றத்துடன் ஒரு வாதமும் சந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பனி சற்று மிகுதியாக விழுந்த வருஷத்தில், உலகம் சூடேறுகிறது என்பது வெறும் பொய் என்று ஒரு சாரார் சாதிக்கின்றனர். பனி பிந்தினாலும், மார்கழியில் மழை கொட்டினாலும், இவையெல்லாம் பருவ மாறுதலின் விளைவே என்று மற்றொரு சாரார் முடிவு கட்டுகின்றனர். இரு சாராரும் காட்டும் ஆதாரம் அவ்வருஷத்து அந்த ஒரு மாதமேயன்றி வேறில்லை. இவ்வாதம் பொழுது போக்கிற்கு உரியதாக மட்டும் இருப்பின் அதைப் பற்றி இப்பத்திரிகையில் எழுத வேண்டுவதில்லை. விதைப்பும், பயிர்க் காப்பீடும், குளத்து மராமத்தும் இதனால் பாதிக்கப்படுவதாலேயே இவ்விஷயம் ஆராயத்தக்கதாகிறது.

முதலாவதாக, பனி என்னும் சொல்லே ஒரு குழப்பத்திற்குக் காரணமாகும். கரிசல் காட்டில் கொத்தமல்லியின் மீதும் கொண்டைக்கடலையின் மீதும் விடியற்காலையில் முத்து முத்தாக நிற்பதும் பனி. தேவர்குளம் சாலையில் எதிரே வரும் வண்டியை மறைப்பதும் பனி. உதகமண்டலத்தில் புல்தரையை வெளுக்கச் செய்து தேயிலைக் கொழுந்தைக் கருகச் செய்வதும் பனி. இமயமலையில் ஆள் உயரத்திற்குக் குவிந்து கிடப்பதும் பனியே. இந்நான்கும் உண்டாகும் விதம் வேறு வேறு. கரிசல் காட்டுப் பனித்துளி, மேகமற்ற இரவில் நிலம் தன் சூட்டை ஆகாயத்தில் விட்டுக் குளிர்வதால், காற்றிலுள்ள நீராவி இலையின்மேல் நீராகப் படிவதனால் உண்டாவது. அவ்விதம் குளிரும் நிலத்தின் வெப்பம் 0 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் இறங்கினால் அதுவே உறைபனியாகும். இமயத்தில் விழும் வெண்பனியோ மேகத்திலேயே உறைந்து மழையைப் போல மேலிருந்து இறங்குவது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வெண்பனி மிகுதியாகப் பெய்ததைச் செய்தித்தாள்கள் "பனி" என்ற ஒரே சொல்லால் எழுதுவதும், அதைப் படிப்போர் தம் ஊர்ப் பனியோடு அதைச் சேர்த்து எண்ணுவதும் இயல்பே. சங்கரன்கோவிலில் பனி மிகுந்தது என்றால் இரவு வானம் தெளிவாகவும், காற்று அடங்கியும், மண்ணில் மழை ஈரம் மீந்தும் இருந்தது என்பதே பெரும்பாலும் பொருள். உலகத்தின் வெப்பத்தைப் பற்றி அது எதையும் தெரிவிப்பதில்லை. கொத்தமல்லிக்கும் கடலைக்கும் அத்தகைய பனி ஓர் அனுகூலமென்பதும், உளுந்துக்கும் கொத்தமல்லிக்கும் அதுவே அளவு மீறினால் சாம்பல் நோயைக் கொண்டுவரும் என்பதும் குடியானவர்கள் நன்கு அறிந்தவை.

வெண்பனியைக் காட்டி உலக வெப்பத்தை மறுப்பது சங்கரன்கோவிலார் கண்டுபிடித்த தர்க்கமன்று. 2010-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் என்றுமில்லாத வெண்பனி பெய்தபோது, ஓக்லஹோமா மாகாணத்துச் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோப் என்பவரின் குடும்பத்தார் சட்டசபைக் கட்டடத்தின் அருகே பனியால் ஒரு குடில் கட்டி, பருவ மாறுதலைப் பற்றிப் பிரசாரம் செய்துவந்த அல் கோரின் புதிய வீடு இது என்று எழுதி வைத்தனர். அதே செனட்டர் 2015-ஆம் வருஷம் பிப்ரவரி 26-ஆம் தேதி ஒரு பனி உருண்டையைச் சபைக்குள்ளேயே கொண்டுவந்து எறிந்தார். வெளியே இவ்வளவு குளிர்கிறதே, 2014-ஆம் வருஷம் மிகவும் சூடான வருஷம் என்கிறார்களே என்பது அவருடைய வாதம். அச்சமயம் அவர் அச்சபையில் சுற்றுப்புற நிலைபற்றிய கமிட்டியின் தலைவராக இருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. பனி உருண்டை எறியப்பட்ட 2015-ஆம் வருஷமோ, உலகம் முழுவதும் சேர்த்துப் பார்க்கையில், 2014-ஐயும் மிஞ்சிய சூட்டோடு முடிந்தது. ஒரு நகரத்தில் ஒரு வாரம் குளிர்ந்ததற்கும் உலகத்தின் ஒரு வருஷச் சராசரிக்கும் உள்ள தூரம் அத்தகையது. தன் வயலின் ஒரு மூலையில் கதிர் முற்றியதைக் கண்டு தாலுக்கா முழுவதும் அறுவடைக்கு வந்துவிட்டது என்று எவரும் முறையிடுவதில்லை.

வெப்பம் கூடினால் வெண்பனி எப்படி அதிகரிக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வியே. காற்றின் வெப்பம் 1 டிகிரி சென்டிகிரேடு உயருமாயின் அது தாங்கக்கூடிய நீராவி 100-க்குச் சுமார் 7 பங்கு கூடுகிறது. அந்நீராவி குளிர்ந்த பிரதேசத்தை அடையும்போது, அங்கே வெப்பம் இன்னும் 0 டிகிரிக்குக் கீழாகவே இருந்தால், வெண்பனியாகக் கொட்டும். 0 டிகிரியைத் தாண்டிவிட்டால் மழையாகிவிடும். ஆகவே சூடேறும் உலகத்தில் மிகக் குளிர்ந்த இடங்களில் சில வருஷம் வெண்பனி கூடுவதும், ஓரத்திலுள்ள இடங்களில் அது குறைந்து அற்றுப் போவதும் ஒருங்கே நிகழத்தக்கவை. வட துருவத்தின் குளிர் காற்று தெற்கே இறங்கி, 2021-ஆம் வருஷம் பிப்ரவரியில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நிகழ்ந்தது போன்ற பெருங்குளிரை உண்டாக்குவதற்கும் துருவம் சூடேறுவதற்கும் சம்பந்தம் உண்டா என்பதில் மட்டும் நிபுணர்களிடையே இன்றும் அபிப்பிராய பேதம் இருக்கிறது. அங்கே மின்சாரமும் நின்றுபோன அப்பெருங்குளிரில் இருநூறு பேருக்கு மேல் இறந்தனர். நிபுணர்களின் வாதம் இந்தச் சம்பந்தத்தைப் பற்றியதே. உலகம் சூடேறுவதைப் பற்றி அவர்களுக்குள் வாதம் இல்லை. 1850 முதல் 1900 வரையுள்ள காலத்தோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரை உலகத்தின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி உயர்ந்திருந்தது எனப் பல தேச நிபுணர்களின் கூட்டறிக்கை 2021-இல் முடிவு செய்தது. இந்தியாவில் 1901 முதல் 2018 வரை உயர்வு சுமார் 0.7 டிகிரி என்று மத்திய சர்க்காரின் அறிக்கையொன்று 2020-இல் கூறிற்று.

இந்தியாவின் வெண்பனிக்கே திரும்பினால் இரண்டு காட்சிகள் போதும். 2019-ஆம் வருஷம் நவம்பர் முதல் வாரத்தில் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் பருவத்திற்கு முன்னரே கனத்த வெண்பனி விழுந்தது. ஆப்பிள் மரங்களில் இலை உதிராமலும் பழம் முற்றிலும் பறிக்கப்படாமலும் இருந்த சமயமாதலால் பாரம் தாங்காமல் கிளைகளும் மரங்களும் முறிந்து தோட்டக்காரர்கள் பெருநஷ்டம் அடைந்தனர். 2024-ஆம் வருஷம் ஜனவரியிலோ, வெண்பனி விளையாட்டிற்குப் பெயர்பெற்ற குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது. முதற் காட்சியை மட்டும் கண்டவர் ஒரு முடிவுக்கும், இரண்டாவதை மட்டும் கண்டவர் நேர்மாறான முடிவுக்கும் வரக்கூடும். தோட்டக்காரருக்கு இரண்டுமே கேடுதான். பனி இல்லாத குளிர்காலத்தின் பின் கோடையில் ஓடை நீரும் குறையும். அதே 2024 ஜனவரியில் நீலகிரியின் சில தாழ்ந்த பள்ளங்களில் வெப்பமானி 0 டிகிரியை ஒட்டி இறங்கிற்று. நீலகிரியில் மார்கழி, தையில் உறைபனி விழுவது வழக்கமே. எனினும் அதையும் இருதரத்தாரும் தத்தம் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கத் தவறவில்லை.

இமயத்து வெண்பனிக்கும் தென்னாட்டுக் குடியானவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போருக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. சென்னை ராஜதானியில் இலட்சக்கணக்கான மக்களை மாய்த்த தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. அதற்கு முந்திய 1875-ஆம் வருஷத்தில்தான் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டிருந்தது. பஞ்சத்தின் பின்னர், மழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய வழியுண்டா என்று சர்க்கார் கேட்டபோது, அவ்விலாகாவின் தலைவராயிருந்த பிளான்போர்டு துரை, இமயத்தில் வெண்பனி மிகுந்த வருஷங்களை அடுத்து மேல்பருவமழை தளர்வதைக் கவனித்து 1884-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1886-ஆம் வருஷத்தில் முதல் நீண்டகால மழை முன்னறிவிப்பு அதன் அடிப்படையில் வெளியாயிற்று. பின்வந்த வருஷங்களில் அச்சம்பந்தம் எப்போதும் ஒரே விதமாக நிற்கவில்லை. 1904 முதல் அவ்விலாகாவை நடத்திய கில்பர்ட் வாக்கர் துரை பசிபிக், இந்து சமுத்திரங்களின் காற்றழுத்தக் கணக்குகளைச் சேர்த்து ஆராய்ந்து, இன்று எல் நினோ என்று பத்திரிகைகளில் அடிபடும் நிகழ்ச்சியின் மறு பாதியைக் கண்டுபிடித்தார். இருவரும் பல வருஷத்துக் கணக்கை வைத்துக்கொண்டே பேசினர்; கணக்கு பொய்த்த இடத்தில் கொள்கையை மாற்றிக்கொண்டனர். சந்தையில் நடக்கும் வாதத்தில் இல்லாதது இதுவே.

சங்கரன்கோவில் தாலுக்காவின் நிலைமை இவ்விஷயத்தில் சற்று விசேஷமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பதால் மேல்பருவக் காற்று ஆடி மாதத்தில் மண்ணைப் புழுதியாக்கிக் காற்றாலைகளைச் சுழற்றுகிறதேயன்றி மழையை அதிகமாகத் தருவதில்லை. குற்றாலத்துச் சாரல் தென்காசியைத் தாண்டிக் கிழக்கே வரவர மெலிந்துவிடுகிறது. கிழக்கேயுள்ள கரிசல் முழுவதும் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பியுள்ளது. மேற்கேயுள்ள குளங்களோ மலையினின்று இறங்கும் நிட்சேப நதி முதலிய சிற்றாறுகளை நம்பியுள்ளன. ஆகவே ஒரு வடகிழக்குப் பருவம் தவறினால் மாற்று வழி இல்லை.

அப்பருவம் சென்ற பத்து வருஷங்களுக்குள் காட்டிய ஏற்றத்தாழ்வு எவரையும் சிந்திக்கச் செய்யும். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியாகிய 440 மில்லிமீட்டரில் 168 மில்லிமீட்டரே பெய்தது; 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சி ஜில்லாக்களாக அறிவிக்கப்பட்டன. 2021-இல் அதே மழை சராசரிக்கு ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி உட்படத் தென்கோடி நான்கு ஜில்லாக்களிலும் பெருமழை கொட்டி, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர், அதாவது பழைய கணக்கில் 37 அங்குலத்திற்கு மேல், பதிவாயிற்று. தூத்துக்குடி ஜில்லாவில் சராசரியாக ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் நீரில் நின்று அழுகின.

இவற்றுள் எது பருவ மாறுதலின் விளைவு? 2023 எல் நினோ வருஷம். அத்தகைய வருஷங்களில் தென் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவம் வலுக்கும் போக்கு முன்னரும் உண்டு. சென்னையை மூழ்கடித்த 2015-உம் அவ்வகையே. ஆனால் எல் நினோவுக்கு நேர்மாறான நிலை நிலவிய 2021-இலும் மழை மிகுந்ததால் அவ்விதியும் முழுமையானதன்று. சூடேறிய கடலினின்று எழும் நீராவி கூடுவதால், பெய்யும்போது மழை வன்மையாகப் பெய்யும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. 1951 முதல் 2015 வரை இந்து சமுத்திரத்தின் வெப்ப மண்டலப் பாகத்தின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறியுள்ளது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட மழையில் இத்தனை அங்குலம் இதனால் வந்தது என்று சொல்வதற்கு அம்மழையைத் தனியே எடுத்துக் கணக்கிட வேண்டும். அவ்விதம் கணக்கிடாமல் எல்லாவற்றையும் பருவ மாறுதலின் தலையில் சுமத்துவோர் மறுப்போரைவிடக் குறைந்த தீங்கு செய்பவர்களல்லர். குளத்தின் வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டு, மடை பழுதாகி, மறுகால் ஓடையில் சீமைக்கருவேல் மண்டி, அதனால் கரை உடைந்தால், அதற்கும் உலக வெப்பமே காரணம் என்று கூறிவிடுவது மிகவும் வசதியான சமாதானம். பசிபிக் சமுத்திரத்தை எவரும் விசாரணைக்கு அழைக்க முடியாதல்லவா!

மறுப்போரால் விளையும் தீங்கு வேறு விதமானது. ஒரு வருஷம் பனியும் மழையும் நன்றாக இருந்தால் பழைய காலம் திரும்பிவிட்டது என்ற நம்பிக்கை பரவுகிறது. 2016-இன் வறட்சிக்குப் பின், 2017-இல் சர்க்கார் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது குளத்து வண்டலை அள்ள வண்டிகள் வரிசையாக நின்றன. நல்ல மழை பெய்த வருஷங்களில் அக்கவனம் மறைந்துவிடுகிறது. வெள்ளம் வரும் வருஷத்திற்கும் வறட்சி வருஷத்திற்கும் தேவையான மராமத்து ஒன்றே. ஆழமான குளம் வெள்ளத்தையும் தாங்கும். அடுத்த கோடைக்கும் நீர் வைக்கும்.

விதைப்பின் விஷயமும் இதைப் போன்றதே. 1901 முதல் இயங்கி வரும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம், கரிசலில் புரட்டாசி மழைக்கு முன்னரே புழுதியில் விதைப்பதையும், அதற்கென விதையைக் கடினப்படுத்திக் கொள்வதையும் நெடுநாளாகச் சிபாரிசு செய்துவருகிறது. மழையின் முதல் ஈரம் வீணாகாமல் பயிர் முளைத்து, கார்த்திகையின் கனமழைக்குள் வேரூன்றிக் கொள்வதே இதன் நோக்கம். ஆனால் முதல் மழைக்குப் பின் நீண்ட இடைவெளி விழுமாயின் மறு விதைப்புச் செலவு நேரும். எந்த வாரத்தில் விதைப்பது என்பதை அவ்வூரில் பல வருஷங்களாக மழை பெய்த தேதிகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். அப்பன் விதைத்த நாளிலேயே விதைப்பதும், சென்ற வருஷம் பிந்திப் பெய்தது என்பதற்காக இவ்வருஷம் பிந்தி விதைப்பதும் இரண்டும் ஒரே வகைப் பிழைகள். கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டி மழை நீரை அங்கங்கே நிறுத்துதல், பண்ணைக் குட்டை ஆகியவை மழை எவ்விதம் பெய்தாலும் நஷ்டம் தராதவை. இவற்றைச் செய்வதற்கு வாதத்தின் முடிவை எதிர்பார்க்க வேண்டுவதில்லை.

காப்பீட்டில் இவ்வாதம் நேரே பணமாக மாறுகிறது. 2016-இல் ஆரம்பமான பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உளுந்து போன்ற பயிர்களுக்கு ராபி பருவத்தில் குடியானவர் செலுத்த வேண்டியது காப்புத் தொகையில் 100-க்கு 1.5 பங்கு, பருத்தி முதலிய வாணிகப் பயிர்களுக்கு 5 பங்கு. 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமன்று. ஆகையால் நல்ல மழை பெய்த வருஷத்திற்கு அடுத்த பருவத்தில், இனி ஆபத்தில்லை என்று எண்ணிப் பலர் சந்தாவைச் செலுத்தாமல் விடுகின்றனர். இழப்பைக் கணக்கிடும் முறையையும் அவர்கள் அறிந்திருத்தல் நலம். முந்திய 7 வருஷங்களில் விளைச்சல் சிறந்த 5 வருஷங்களின் சராசரியைக் கொண்டே உத்தரவாத விளைச்சல் நிர்ணயிக்கப்படுகிறது. கெட்ட வருஷங்கள் இரண்டு வரையில் இம்முறை மன்னிக்கிறது. அவை மூன்றாகவும் நான்காகவும் பெருகினால் உத்தரவாதமே சரிந்து, இழப்பு நேர்ந்த குடியானவருக்கு ஈடு குறையும். ஏற்றத்தாழ்வு பெருகிவரும் காலத்தில் 7 வருஷ அளவுகோல் போதுமா என்பதே சங்கத்தார் சர்க்காரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மார்கழிப் பனி எதை நிரூபிக்கிறது என்ற கேள்வியில் செலவாகும் பொழுதில் ஒரு பங்கு இதற்குச் செலவாகியிருந்தால் மனுக்கள் எவ்வளவோ போயிருக்கும். வயலில் நீர் தேங்கிப் பயிர் அழிந்தால் 72 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதியைக்கூட அறியாதவர் பலர்.

இவை அனைத்திற்கும் அடிப்படை, கிராமத்தில் கணக்கு இருத்தலே. ஆடித் தபசுக்கு முந்திய வாரம் பெய்தது, தேர் ஓடிய மறுநாள் மழை என்று திருவிழாவைக் கொண்டு மழையை நினைவு வைப்பது அவ்வூரார் வழக்கம். அவ்வழக்கம் தேதியைக் காப்பாற்றினாலும் அளவைக் காப்பாற்றுவதில்லை. பத்து வருஷம் கழிந்தால், பெய்த ஓரங்குலம் மூன்றங்குலமாகப் பெருகுவதும், விழாத பனி விழுந்ததாக ஆவதும் மனித நினைவின் சுபாவம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தானியங்கி வானிலை நிலையம் அமைத்திருக்கிறது. எனினும் கரிசலில் ஒரு காட்டில் பெய்த மழை அடுத்த காட்டில் பெய்வதில்லை என்பது பிரசித்தம். வட்டாரத்துக்கு ஒரு கருவி வானிலை நிபுணருக்குப் போதும், விதைப்பவருக்குப் போதாது. ஒரு மழைமானியும், இரவில் இறங்கும் கடைநிலை வெப்பத்தைக் காட்டும் ஒரு வெப்பமானியும், கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் பெரிய செலவன்று. கிராமத்துப் பள்ளிக்கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இவற்றை வைத்து, காலை 8.30 மணிக்கு அளவெடுத்து எழுதி, மாதந்தோறும் வட்டார உதவி வேளாண்மை இயக்குநருக்கு ஒரு பிரதி அனுப்பலாம். பூச்செடி வைத்திருப்போர் அதே புத்தகத்தில் அன்று பறித்த பூவின் எடையையும் குறித்து வருவாராயின், எத்தனை டிகிரிக்குக் கீழ் அரும்பு நிற்கிறது என்பது சில வருஷங்களில் அவ்வூர் மண்ணுக்கே உரிய கணக்காகத் தெரியவரும். கவாத்தைக் கார்த்திகையில் முடிப்பதா, சற்றுத் தள்ளிப் போடுவதா என்பதை அப்பொழுது தீர்மானிக்கலாம். மழைமானியைக் கூரை நிழலிலோ மரத்தடியிலோ வைக்கலாகாது. பக்கத்திலுள்ள கட்டடத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமேனும் விலகி, திறந்த வெளியில், வாய் மட்டமாக இருக்கும்படி நாட்டுதல் வேண்டும்.